முட்டி ஜவ்வு ஆபரேஷனுக்கு டயல் பெல்ட்: யாருக்கு வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும், எங்கே கைவிடும்

சென்னை பழைய ஜெயில் ரோட்டில், ஸ்டான்லி மருத்துவமனைப் பக்கம் இருக்கும் சர்ஜிகல் கடையில் போய் "முட்டி பெல்ட்" என்று மட்டும் கேட்டால் நாலு விதமான சரக்கு மேஜைக்கு வரும். இழுத்து மாட்டும் எலாஸ்டிக் உறை ஒன்று. பக்கத்துக்கு ஒரு கீல் வைத்துத் தைத்த ரப்பர் துணி உறை ஒன்று. தொடையிலிருந்து கணுக்கால் வரை நீண்டு, உள்ளே அலுமினியப் பட்டை வைத்து, காலை மடக்கவே விடாத நீள பெல்ட் ஒன்று. கடைசியாக, இரண்டு பக்கமும் உலோகப் பட்டை, நடுவில் எண் போட்ட வட்ட டயல், நாலைந்து ஸ்ட்ராப் என்று கொஞ்சம் இயந்திரம் மாதிரி இருப்பது. டாக்டர் சீட்டில் 'ஆர்ஓஎம் நீ பிரேஸ்' என்று எழுதியிருந்தால் அது இந்த நாலாவதுதான். இங்கே பேசப்போவதும் அதைப் பற்றித்தான். எந்த ஒரு கம்பெனி மாடலையும் பிடித்துக்கொண்டு பேசவில்லை. எல்லா மாடலிலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே, கெட்டுப்போகும் இடங்களும் ஒன்றே.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சாமான் நல்ல சாமான். ஆனால் வாங்குகிற எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை. தேவைப்படுகிறவர்களில் பலர் அதைத் தப்பாகக் கட்டுகிறார்கள். தப்பாகக் கட்டிய டயல் பெல்ட், பெல்ட்டே இல்லாததைவிட மோசம்.

யாருக்குத் தேவை என்பது எந்த ஜவ்வு, என்ன ஆபரேஷன் என்பதைப் பொறுத்தது. முட்டிக்குள் குறுக்காகப் போகும் முன் ஜவ்வுதான் ஏசிஎல். கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்காமலும், முட்டி திருகிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது அது. வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் பந்தோடு ஓடி வந்து சட்டென்று திரும்பும்போது, ஷூவின் அடியில் இருக்கும் குமிழ் (ஸ்டட்) தரையில் மாட்டி, பாதம் நின்ற இடத்தில் நிற்க, உடம்பு மட்டும் திரும்பினால் அறுவது பெரும்பாலும் இதுதான். யாரும் வந்து இடிக்கவே வேண்டாம். உள்ளே 'டப்'பென்று ஒரு சத்தம், இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முட்டி பந்தாக வீக்கம். அறுந்ததைத் தைத்து ஒட்டவைப்பது அரிது. பின்தொடைத் தசைநார், முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநார், சில இடங்களில் கணுக்கால் பக்கத்துத் தசைநார் என்று ஏதாவது ஒன்றை எடுத்து, எலும்பில் துளை போட்டு, புது ஜவ்வாகப் பொருத்துவதே வழக்கம்.

இப்படி ஏசிஎல் மட்டும் மாற்றி, வேறு எதையும் தொடவில்லை என்றால், டயல் பெல்ட் கட்டாயமில்லை. கட்டியவர்களையும் கட்டாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முட்டியின் உறுதியிலோ மடக்கத்திலோ வலியிலோ சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. சில சர்ஜன்கள் முதல் இரண்டு மூன்று வாரம் நடக்கும்போது மட்டும் ஒரு பாதுகாப்புக்குக் கட்டச் சொல்வார்கள். அதற்கு மடங்காத சாதாரண நீள பெல்ட்டே போதுமா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். போதும் என்றால் செலவு பாதிக்கும் கீழே இறங்கும்.

டயல் உண்மையிலேயே வேலை செய்யும் இடங்கள் வேறு. மெனிஸ்கஸ் என்னும் முட்டிக்குள் இருக்கும் குஷனை வெட்டி எடுக்காமல் தைத்திருந்தால், நாலிலிருந்து ஆறு வாரம் வரை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்பது பொதுவான கட்டுப்பாடு. சிலருக்கு அந்தக் காலை ஊன்றவே கூடாது. உட்பக்க ஜவ்வோ வெளிப்பக்க ஜவ்வோ சேர்ந்து அறுந்திருந்தால், முட்டி பக்கவாட்டில் திறக்காமல் இரண்டு உலோகப் பட்டையும் காவல் நிற்கும். பல ஜவ்வு ஒன்றாகப் போனவர்களுக்குப் பேச்சே வேண்டாம், தேவைதான். பின் ஜவ்வு, அதாவது பிசிஎல் மாற்றியவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். படுத்திருக்கும்போது கீழ்க்கால் எலும்பு தன் எடையாலேயே பின்னால் தொங்கும். சாதாரண டயல் பெல்ட் அதைத் தடுக்காது. கெண்டைக்காலுக்குப் பின்னால் மெத்தை வைத்துத் தாங்கும் வேறு மாடல் வேண்டும், அல்லது கூடுதல் பேட் வேண்டும். கடையில் இந்த வித்தியாசம் தெரியாமல் போகலாம். சீட்டில் இருப்பதை வரிக்கு வரி படித்துக்காட்டி வாங்குங்கள்.

"யுனிவர்சல் சைஸ்ண்ணா, எல்லாருக்கும் சேரும்" என்பார் கடைப் பையன். பாதி உண்மை. பெரும்பாலான மாடல்களில் பக்கப் பட்டையை இழுத்து நீட்டலாம், சுருக்கலாம். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. வாங்கப் போகும் முன் வீட்டில் தையல் டேப்பால் மூன்று அளவு எடுத்துக்கொள்ளுங்கள்: முட்டிச் சில்லின் நடுவிலிருந்து மேலே 15 செ.மீ. அளந்து அந்த இடத்தில் தொடைச் சுற்றளவு, கெண்டைக்காலின் பருமனான இடத்துச் சுற்றளவு, கவட்டியிலிருந்து குதிகால் வரை உயரம். ஆபரேஷனுக்கு முன்பே வாங்குவதானால் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். ஆபரேஷன் ஆன மறுநாள் கட்டும் பஞ்சும் வீக்கமும் சேர்ந்து கால் பெருத்திருக்கும். மூன்றாவது வாரத்தில் வீக்கம் வடிந்து, தொடைத் தசையும் இளைத்து, நல்ல காலைவிட மெலிந்துவிடும். ஸ்ட்ராப் இந்த இரண்டு அளவுக்கும் ஒத்துப்போக வேண்டும். நுனியில் இருக்கும் வெல்க்ரோ துண்டைக் கழற்றி, ஸ்ட்ராப்பைக் கத்தரித்துவிட்டுத் திரும்ப மாட்டும் வசதி இருக்கிற மாடலாகப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் மீதி ஸ்ட்ராப் காலைச் சுற்றி வந்து வெல்க்ரோவே இல்லாத இடத்தில் முடியும்.

டயலைக் கையில் எடுத்துக் கவனமாகப் பாருங்கள். இந்தச் சாமானின் உயிர் அதில்தான். வட்டத்தின் ஓரத்தில் 0, 10, 20 என்று 120 வரை எண்கள். இரண்டு தடுப்புகள் உண்டு. சில மாடலில் அவை செருகும் பின், சிலதில் அமுக்கி நகர்த்தும் பட்டன். ஒரு தடுப்பு, கால் எவ்வளவு நீளலாம் என்பதற்கு. மற்றது, எவ்வளவு மடங்கலாம் என்பதற்கு. '0 முதல் 90' என்று சீட்டில் இருந்தால் நீட்டும் தடுப்பு 0-வில், மடக்கும் தடுப்பு 90-ல் நிற்க வேண்டும். 'பூட்டி வை' என்றால் இரண்டும் 0-வில். இங்கே அடிக்கடி நடக்கும் பிசகு, உள்பக்க டயலை மாற்றிவிட்டு வெளிப்பக்கத்தை மறந்துவிடுவது. ஒரு பக்கம் 90, மறுபக்கம் 60 என்று நின்றால், 60 தாண்டும்போது ஒரு பட்டை மட்டும் தடுக்கும், பெல்ட் மொத்தமும் முறுக்கிக்கொண்டு முட்டியைத் திருகும். திருகல்தான் புது ஜவ்வுக்கு ஆகாதது. ஆகவே டிகிரி மாற்றினால் முதலில் பெல்ட்டைக் கழற்றி, மேஜையில் வைத்து, இரண்டு பக்கமும் மாற்றி, கையால் ஒருமுறை மடக்கிப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் 'டக்'கென்று நிற்கிறதா என்று உறுதி செய்த பிறகே காலில் கட்டுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் டயல் மேல் ஒரு பட்டை பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். அந்தப் பட்டன் அவர்கள் கண்ணுக்கு விளையாட்டுச் சாமான்தான்.

கடையில் வாங்கும்போதே செய்யக்கூடிய சோதனை ஒன்று. 0-வில் பூட்டி, மேல் பட்டையை ஒரு கையில், கீழ்ப் பட்டையை ஒரு கையில் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ரிவெட்டில் லொடலொட சத்தம் வந்தால் வைத்துவிடுங்கள். புதிதிலேயே ஆடும் கீல் ஒரு மாதத்தில் இன்னும் ஆடும்.

இனி கட்டும் முறை. டயலின் மையம் முட்டிச் சில்லின் நடு உயரத்துக்கு நேராக, காலின் பக்கவாட்டு நடுக்கோட்டில், நூலிழை பின்னால் தள்ளி நிற்க வேண்டும். முட்டி மடங்கும் அச்சு சில்லில் இல்லை, அதற்குப் பின்னால், தொடை எலும்பின் பக்க மேடுகளில் இருக்கிறது. டயல் இரண்டு விரல் கீழே இறங்கிவிட்டால், முட்டி ஓரிடத்தில் மடங்கும், பெல்ட் வேறிடத்தில் மடங்கும். அந்த இழுபறியில் பெல்ட் சுற்றிக்கொள்ளும், டயல் தோலில் உரசும், கணக்கிட்ட 90 டிகிரியும் நிஜத்தில் வேறாகிவிடும்.

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து கட்டுங்கள். முட்டிக்குக் கீழே, கெண்டைக்கால் புடைப்புக்குச் சற்று மேலே வரும் ஸ்ட்ராப்பை முதலில். பெல்ட் கீழே இறங்காமல் புடைப்பின் மேல் உட்காரவைப்பது அதுதான். அடுத்து கணுக்கால் பக்கத்து ஸ்ட்ராப், அப்புறம் முட்டிக்கு மேல் இருப்பது, கடைசியில் தொடையின் உச்சி. ஒவ்வொன்றிலும் ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டு விரல் தாராளமாக ஓடக் கூடாது. கட்டி முடித்து எழுந்து நின்று, நாலடி நடந்து, மறுபடி இறுக்குங்கள். உட்கார்ந்து இறுக்கியது நின்றதும் தளரும்.

முட்டியின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே விரலால் தடவினால் ஒரு சின்ன எலும்பு உருண்டை தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றி, தோலுக்கு அடியிலேயே, பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்கான நரம்பு போகிறது. முதலில் கட்டச் சொன்ன அந்த ஸ்ட்ராப்பும் பக்கப் பட்டையும் அழுத்த வாய்ப்பு அதிகமான இடம் இதுதான். பெல்ட் இறங்கும் என்று பயந்து அங்கே வரிந்து கட்டுகிறவர்களுக்குப் புறங்கால் மரத்துப்போகும், கட்டைவிரலைத் தூக்க முடியாது. அப்படி ஒரு அறிகுறி வந்தால் அந்த நிமிடமே தளர்த்துங்கள். தளர்த்தியும் மரப்பு போகவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அந்த உருண்டை வரும் இடத்தில் பட்டையின் உள்பக்கம் கூடுதல் ஸ்பாஞ்சு ஒட்டுவது வேண்டாம். அழுத்தம் கூடும். உருண்டைக்கு மேலேயும் கீழேயும் ஒட்டி நடுவில் பள்ளம் விடுங்கள்.

கெண்டைக்கால் வலி இன்னொரு சங்கதி. பெல்ட் இறுக்கம் என்று அதை ஒதுக்கிவிடவே கூடாது. கெண்டைக்கால் கல்லாக இறுகி, சூடாகி, பாதம் வரை வீங்கினால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். மூச்சுத் திணறலும் கூட வந்தால் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியதுதான். பெல்ட்டுக்குள் கால் சும்மா கிடக்காமல், விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பாதத்தை மேலும் கீழும் இருபது முப்பது தடவை ஆட்டுவது இதற்குத்தான்.

இந்தச் சாமானின் பெரிய குறைக்கு வருவோம். டயல் 0 என்று காட்டும், முட்டி 0-வில் இருக்காது. உள்ளே ஸ்பாஞ்சு, வெளியே தளரும் ஸ்ட்ராப், நடுவில் கால். எல்லாம் சேர்ந்து 5, சில வேளை 10 டிகிரி மடங்கியபடியே கால் சௌகரியமாகக் கிடக்கும். பூட்டியிருக்கிறோமே, நேராகத்தானே இருக்கிறது என்று நம்பி மூன்று வாரம் ஓடிவிடும். ஏசிஎல் ஆபரேஷனுக்குப் பிறகு முதல் இரண்டு வாரத்தின் தலையாய வேலை முட்டியை முழுதாக நீட்டுவது. மடக்கம் மெல்ல மெல்ல வந்துவிடும். நீட்டம் விட்டுப்போனால் முட்டிக்கு முன்பகுதியில் தழும்புத் திசு முண்டாகத் திரண்டு இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு அதைச் சுரண்டி எடுக்க இன்னொரு ஆபரேஷன் வரை போகலாம். 5 டிகிரி மடங்கிய காலோடு நடப்பவருக்குத் தொடைத் தசை ஓயவே ஓயாது, நொண்டலும் போகாது.

ஆகவே டயலை நம்பாதீர்கள். பெல்ட்டைக் கழற்றி, இரண்டு குதிகாலுக்கும் அடியில் ஒரே உயரத்துக்குத் துண்டைச் சுருட்டி வைத்து, மல்லாந்து படுத்து, இரண்டு முட்டியின் பின்பக்கமும் பாயிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷன் ஆன முட்டி உயர்ந்து நின்றால் நீட்டம் குறைகிறது என்று அர்த்தம். அதே நிலையில் பத்து நிமிடம், நாளைக்கு நாலைந்து தடவை, முட்டிக்கு அடியில் எதுவும் முட்டுக்கொடுக்காமல் தொங்கவிடுவதே மருந்து. வீட்டில் பெரியவர்கள் பாசத்தில் முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார்கள். "பாட்டி, குதிகாலுக்கு வை" என்று அன்பாகச் சொல்லி மாற்றிவிடுங்கள். முட்டிக்கு அடியில் வைத்த தலையணை தரும் சுகம், நீட்டத்தைத் திருடிக்கொள்ளும்.

பெல்ட் இறங்குவது இரண்டாவது குறை. தொடை மேலே பெருத்துக் கீழே சிறுத்த கூம்பு. எவ்வளவு இறுக்கினாலும் நடக்க நடக்க வழுக்கும். தொடை உச்சி ஸ்ட்ராப்பை வரிந்து கட்டுவது இதற்கு வழி அல்ல, கால்தான் வீங்கும். முதலில் காலில் தேங்காய் எண்ணெயை நிறுத்துங்கள். ஆபரேஷன் ஆன முட்டியை எண்ணெய் போட்டு உருவவோ, புத்தூர் கட்டு மாதிரி எதையாவது கட்டவோ கூடவே கூடாது என்பது தனி விஷயம். தோலின் மேல் நேரே கட்டாமல், மாவுக்கட்டுக்கு அடியில் போடும் பருத்திக் குழாய்த் துணியை மீட்டர் கணக்கில் வாங்கி, தொடை முதல் கணுக்கால் வரை மாட்டிக்கொண்டு அதன் மேல் கட்டினால் வழுக்கல் பாதி குறையும். வேர்வையும் அதில் இறங்கும்.

வேர்வைதான் நம்ம ஊரில் இந்தப் பெல்ட்டுக்கு முதல் எதிரி. சித்திரை வைகாசியில் ராயபுரத்து ஓட்டு வீட்டிலும், தகரக் கூரைக்கு அடியிலும் அரை மணி நேரத்தில் ஸ்பாஞ்சு நனைந்துவிடும். நனைந்த ஸ்பாஞ்சு, தையல் பிரித்த தழும்புப் பக்கம் உரசினால் வேர்க்குரு, பிறகு சீழ்க்கொப்புளம். உள் ஸ்பாஞ்சு தனியாகக் கழன்று வரும் மாடலையே வாங்குங்கள். கூடுதலாக ஒரு ஜோடி கிடைத்தால் அதற்குக் கொடுக்கும் காசு வீணில்லை. துவைக்கும்போது வெல்க்ரோவின் முள் பக்கத்தை ஒட்டி மூடிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் சாதா சோப்பில் கையால் அலசி, பிழியாமல் துண்டில் அமுக்கி, நிழலில் காயப்போடுங்கள். வாஷிங் மெஷினும் மொட்டை மாடி வெயிலும் ஸ்பாஞ்சைத் தாளாக உரித்துவிடும். முள் பக்கத்தில் லுங்கி நூலும் தலைமுடியும் சேர்ந்தால் பிடிப்பு போய்விடும். பழைய பல் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை வாரி எடுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத்தில் இருப்பவர்கள் ரிவெட்டையும் டயல் பின்னையும் ஈரமில்லாமல் துடைத்து வைக்க வேண்டும். அலுமினியப் பட்டை தாங்கும். உள்ளே இருக்கும் இரும்பு ஸ்பிரிங்தான் உப்புக்காற்றில் துருப்பிடித்து, பட்டனை அமுக்கினால் திரும்பி வராமல் நின்றுவிடும்.

பெல்ட் கட்டியிருந்தாலும் வீடு வீடாகத்தான் இருக்கும். குந்தி உட்காரும் கக்கூஸ் முதல் சிக்கல். அதற்கு முட்டி 130 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும், அதுவும் உடம்பு எடையோடு. பூட்டிய பெல்ட்டோடு முடியவே முடியாது. பெல்ட் இல்லாமலும் மாதக்கணக்கில் கூடாது. மெனிஸ்கஸ் தைத்தவர்களுக்கு இன்னும் நீண்ட காலம். நடுவில் ஓட்டை உள்ள கமோடு சேரை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கிப் போட்டு, கால் நீட்ட இடம் இருக்கிறதா என்று கதவைச் சாத்திப் பாருங்கள். பல வீடுகளில் கதவு உள்பக்கம் திறக்கும், நீட்டிய கால் இடிக்கும். தொழுகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து தொழுவதே சரி. முட்டிச் சில்லுத் தசைநாரிலிருந்து ஜவ்வு எடுத்தவர்களுக்கு மண்டியிட்டால் வரும் வலி மாதக்கணக்கில் நீடிக்கும்.

மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். ஊன்றி நடக்கும் கட்டை எப்போதும் ஆபரேஷன் காலோடு சேர்ந்து போகும். பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளின் செங்குத்தான படியில் டயல் பெல்ட்டின் கீழ் முனை படி விளிம்பில் தட்டும். கீழ்ப் பட்டையை ஒரு காடி சுருக்கிவைத்தால் தட்டாது. முழங்கைக் கட்டையின் கைப்பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்புக்கு நேராக நிற்க வேண்டும். அடி ரப்பர் தேய்ந்து வழவழப்பானால் அன்றே மாற்றுங்கள். ஈர மொசைக்கில் அது சறுக்கினால் பெல்ட் காப்பாற்றாது.

பிசியோவுக்குப் போகப் பூட்டிய காலோடு ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போகாதீர்கள். தனி ஆட்டோவில் பின்புறமாக ஏறி, வலப்பக்கம் முதுகைச் சாய்த்து, காலைச் சீட்டின் மேல் நீட்டலாம். 2021 பிப்ரவரி 14-ல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆட்களுக்கு லிஃப்டோடு ஒரு வழி கிடைத்திருக்கிறது. படியுள்ள பஸ்ஸைவிட அது எவ்வளவோ மேல்.

எப்போது கழற்றுவது? நாள்கணக்கை டாக்டர் சொல்வார். ஆனால் பூட்டைத் திறந்து நடக்கும் முன், மல்லாந்து படுத்து, காலைக் கம்பாக நீட்டி, முட்டி கொஞ்சமும் தொய்யாமல் பத்து தடவை தூக்க முடிய வேண்டும். தூக்கும்போது குதிகால் பின்தங்கி முட்டி மடங்குகிறது என்றால் தொடைத் தசை இன்னும் விழிக்கவில்லை. பூட்டைத் திறந்தால் படியில் முட்டி மடிந்து விழுவீர்கள். ஆறாவது வாரம் பெல்ட்டைக் கழற்றி வைத்ததும் பெரும்பாலோருக்கு வலி போயிருக்கும், நடை வந்திருக்கும், பந்தை லேசாகத் தட்டிப் பார்க்கலாமே என்று கால் துடிக்கும். பொருத்திய தசைநார் தன்னைக் கரைத்துப் புதிதாகக் கட்டிக்கொள்ளும் காலம் அது. அந்த இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் அது பொருத்திய நாளைவிடப் பலவீனமாக இருக்கும். ஒன்பது மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் முட்டியில் மறு காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று நார்வேயிலும் அமெரிக்காவிலும் பின்தொடர்ந்து பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள். ஒன்பது மாதம் கழித்தும், ஆபரேஷன் காலின் பலம் நல்ல காலில் 90 சதவீதமாவது இருக்கிறதா என்று சோதித்த பிறகே மைதானம். அப்போது இந்த டயல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு விளையாடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. இது நடப்பதற்கும் படுப்பதற்கும் செய்த சாமான். ஓட்டத்தில் கழன்று சுழலும், எதிரில் வருபவர் காலையும் கிழிக்கும்.

விலை, மாடலையும் கடையையும் பொறுத்துப் பெரும்பாலும் 2,500 முதல் 6,000 ரூபாய்க்குள் வரும். மடங்காத நீள பெல்ட் ஆயிரத்தைச் சுற்றி. பெட்டியில் அச்சடித்த விலைக்கும் கடையில் கடைசியாகத் தரும் விலைக்கும் நல்ல இடைவெளி உண்டு. மருத்துவச் சாமான் மொத்தக் கடைகள் இருக்கும் நைனியப்ப நாயக்கன் தெரு பக்கம் ஒரு நடை போய் விசாரித்துவிட்டுப் பேசுங்கள். தனியார் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்கள், முட்டி பெல்ட்டும் நடைக் கட்டையும் பொதுவாகக் காசு தராத பொருள் பட்டியலில் இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கூடுதல் கவர் எடுத்திருந்தால் மட்டும் பில் போட்டுக் கேட்கலாம். கட்டிப் பார்த்த பெல்ட்டைக் கடைகள் திரும்ப எடுப்பதில்லை. அதனால் டயல் ஆட்டம், பட்டை நீளம், ஸ்ட்ராப் எண்ணிக்கை எல்லாவற்றையும் கடையிலேயே சரிபாருங்கள்.

ஆறு வாரம் கட்டி மூலையில் போடும் சாமான் என்பதால் நம்ம ஏரியாவில் ஒரு பெல்ட் நாலு வீடு போய்வரும். நல்ல வழக்கம், தாராளமாக வாங்கிக் கட்டலாம். உள் ஸ்பாஞ்சை மட்டும் புதிதாகப் போடுங்கள். ஸ்ட்ராப்பை ஒட்டி, பலமாக இழுத்துப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வராமல் பொசுக்கென்று பிரிந்தால் வெல்க்ரோ செத்துவிட்டது, செருப்புத் தைக்கும் கடையில் கொடுத்துப் புதுத் துண்டு வைத்துத் தைக்கலாம். இரண்டு பட்டையையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். வளைந்த பட்டையைச் சுத்தியலால் நிமிர்த்தினால் அங்கேயே முறியும். டயலை 30-ல் பூட்டி, 60-ல் பூட்டி, ஒவ்வொன்றிலும் முழு பலத்தோடு மடக்கிப் பாருங்கள். ஒரு தடவை பூட்டு நழுவினாலும் அந்தப் பெல்ட்டை யாருக்கும் கொடுக்காமல் இரும்புக் கடையில் போட்டுவிடுங்கள்.